வாப்பாவிடம் யார் கேட்பது

தெம்பனிஸ், சிங்கப்பூர்
19 ஜனவரி 2025

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மகள் அனம் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளாவேளைக்கு நன்றாகத் தின்றுகொண்டு, ஃபாரூக் பெரியப்பா வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? வாப்பா சுகரைக் கவனிக்கிறார்களா, இல்லை கடையில் யாரும் பார்க்காத நேரத்தில் குலாப்ஜாமூன் ஓடுகிறதா?

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பெரியம்மா சிரிக்கிறார்கள். நம் வீட்டுப் போன் வாப்பாவின் சட்டைப் பையில் குடியிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு நடு ஹாலில் வைத்துவிடுகிறீர்கள். பக்கத்து வீட்டு மாமி இருமுவதுகூட எனக்குக் கேட்கிறது. அதனால் யார் திருச்சி விமானம் ஏறினாலும் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

'மவ ஒரு நாட்டுத் தலைநகரத்துல அரசாங்கத்தோட பேசுற வேலைக்குப் போயிருக்கா' என்று வாப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்களாம். இங்கே தலைநகரம் எது, மற்ற ஊர் எது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "நாடும் அதான், தலைநகரமும் அதான். பஸ்ல தூங்கிட்டா ரெண்டையும் தாண்டிடுவே" என்றார்கள்.

என் ஆபீஸ் ஜாலான் புசாரில், ஆணி, திருகு விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. சிறு கடைக்காரர்களின் கூட்டமைப்பு. அவர்களுடைய குறைகளைக் கேட்டு, மனுவாக எழுதி, அமைச்சுக்கு அனுப்புவதுதான் வேலை. இப்போதைய குறை, கடை வாசலில் லாரி நிறுத்திச் சரக்கு இறக்கக் கொடுத்திருக்கும் நேரம் போதவில்லை என்பது. அரசாங்கத்தோடு பேசுவது சாமுண்டீஸ்வரி மேடம். நான் கடை கடையாக ஏறி இறங்கிக் குறை கேட்கிறேன், வரும் வழியில் எல்லாருக்கும் கோப்பி வாங்கி வருகிறேன். நான் முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்து மேடம், "டோன்ட் வரி லா, நானும் கோப்பிலதான் ஸ்டார்ட் பண்ணேன்" என்றார். இங்கே யார் பேசினாலும் வாலாக ஒரு 'லா' வரும்.

உம்மா, ஒரு விஷயம். இந்தச் செமஸ்டர் பயிற்சி முடியும்போது பிடித்திருந்தால் வேலைக்கே எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால், 'ஒரு செமஸ்டர்தான், அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது' என்று சொல்லித்தான் வாப்பா அனுப்பினார்கள். நீங்கள்தான் நேரம் பார்த்துப் பேச வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்லாருக்கும் ஸலாம். உங்களுக்கு மட்டும் ஒரு முத்தம்.

அனம்

*

நாகூர்
2 பிப்ரவரி 2025

அனம் புள்ளைக்கு உம்மா எழுதுவது,

வ அலைக்கும் ஸலாம். முட்டிவலி முட்டியில்தான் இருக்கிறது. அது எங்கே போகும்? உன் வாப்பா நலம். குலாப்ஜாமூன் விஷயத்தில் நான் கண்கொத்திப் பாம்பாக இருக்கிறேன். தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? ஏசி ரூமில் முடி கொட்டும்.

நீ கேட்டதைப் படித்தேன்.

இந்தக் கடிதத்தோடு மூன்று டப்பா தம்ரூட் வருகிறது. ரவை, முட்டை, பால், நெய் எல்லாம் கொட்டிக் கிண்டிக் கிண்டி என் கை கழன்றுவிட்டது, அதனால் பஸ்ஸில் தலைகீழாகப் பிடிக்காதே. ஒன்று பெரியப்பா வீட்டுக்கு. ஒன்று சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாசர் மாமாவுக்கு. உன் வாப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். மூன்றாவது கையில் இருக்கட்டும்.

கொடுக்கும்போது வாசலில் நீட்டிவிட்டு ஓடி வராதே. உள்ளே போய் உட்கார். கொடுக்கிற கோப்பியைக் குடி. படிப்பு, வேலை என்று எதைக் கேட்டாலும் தலையைக் குனியாமல் பதில் சொல். ஊர்க்காரர் வீட்டு வாசலைக் கண்டால் ஸலாம் சொல்லாமல் கடக்கக் கூடாது, வெறுங்கையோடும் ஸலாம் சொல்லக் கூடாது. அதற்குத்தான் மூன்றாவது டப்பா. நம் வீட்டுப் பிள்ளைக்கு மரியாதை தெரியவில்லை என்று ஒரு சொல் வந்தால் நான் தாங்க மாட்டேன்.

ஏன், எதற்கு என்று கேட்காதே. கொடு.

துஆவுடன்,
உம்மா

*

தெம்பனிஸ்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள உம்மாவுக்கு,

ஸலாம். நான் நலம். தலைக்கு எண்ணெய் வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாள் வைத்தால் எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுகிறார். உங்கள் கை திரும்ப ஒட்டிக்கொண்டதா?

தம்ரூட் கொடுத்தாயிற்று. பெரியப்பா பாதி டப்பாவை நின்றபடியே முடித்தார்கள். யாசர் மாமா கடைக்குச் சனிக்கிழமை போனேன். தீபாவளிக்குத்தான் கூட்டம் என்று நினைத்தேன். சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் நடப்பதற்கே இடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வெங்காய மூட்டைக்கும் முருங்கைக்காய்க் கட்டுக்கும் நடுவில் நான் நிற்க, "யார் வூட்டுப் புள்ளே நீ?" என்றார்.

"பாத்திரக்கடை கபீர் மகள்."

"கபீர் மவளா! யா அல்லா, மூக்கைப் பாரு, அதே மூக்கு! உக்காரு, உக்காரு. டேய், டீ சொல்லு."

அரிசி மூட்டை மேல் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். வேலை என்ன, மேடம் எப்படி, இங்கேயே இருக்கப் போகிறாயா? நீங்கள் சொன்னபடி தலையைக் குனியாமல் பதில் சொன்னேன். கழுத்துத்தான் வலித்தது. வரும்போது பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தார். பெரியம்மா வீட்டில் மூன்று நாளாக அதுதான் குழம்பு.

ஆபீஸில் மேடம் பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்தினார். நடுவில் முடிவெடுக்கிறவர். அவரைச் சுற்றி, அவர் யார் யார் பேச்சைக் கேட்பாரோ அவர்கள். "நேரா போய் கேட்டா 'நோ'ன்னு ஒரே வேர்ட்ல முடிஞ்சிரும் லா. ஃபர்ஸ்ட் சுத்தி இருக்கிறவங்ககிட்ட பேசு. அவங்க போய் சொல்லட்டும்" என்றார். இதற்கு எனக்கு மதிப்பெண் வேறு உண்டு.

ஆக, திங்கள் முதல் வெள்ளி வரை நான் கூட்டமைப்புக்கு இன்டர்ன், சனி ஞாயிறு உங்களுக்கு இன்டர்ன். இரண்டு இடத்திலும் சம்பளம் இல்லை. நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை. வாப்பாவிடம் பேசினீர்களா?

அனம்

*

நாகூர்
25 பிப்ரவரி 2025

அனம் புள்ளைக்கு,

ஸலாம். நோன்பு வரப்போகிறது. விடியுமுன் ஸஹருக்கு எழுந்து ஒழுங்காகச் சாப்பிடு, தூக்கக் கலக்கத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்காதே. இங்கே எல்லாரும் நலம்.

நான் வாப்பாவிடம் பேசவில்லை. பேசவும் மாட்டேன். உனக்கு அவர்களைப் பற்றி என்ன தெரியும்? 'இல்லை' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு அவர்களே நினைத்தாலும் மாற்ற முடியாது. வீட்டுக்கு ஏசி வேண்டாம் என்று எப்போதோ சொன்னார்கள். இப்போது கோடைக்குக் கோடை வியர்வையில் குளித்துக்கொண்டு விசிறியைத் திட்டுகிறார்களே தவிர, வாங்கலாம் என்று வாயில் வராது. உன் விஷயத்தில் அந்த 'இல்லை' வந்துவிட்டால் என்ன செய்வாய்? அதனால் வராமல் பார்த்துக்கொள்கிறேன். உன் மேடம் பலகையில் போட்ட படத்தைத்தான் நான் தம்ரூட்டில் போடுகிறேன் என்று இன்னுமா புரியவில்லை, மக்குப் பெண்ணே?

முதலில் பெரியப்பா வாப்பாவுக்குப் போன் செய்தார்கள். 'அனம் வந்த பொறகு வீடே கலகலன்னு இருக்கு' என்று. போன வாரம் யாசர் மாமா செய்தார். சாப்பிடும்போது வாப்பா தாமாகவே சொன்னார்கள்: "யாசர் பேசினான்." நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "என்னவாம்?" என்றேன். "ஒண்ணுமில்லே" என்றார்கள். அவர்கள் ஒன்றுமில்லை என்றால் உள்ளே ஏதோ இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இனி ஹம்னா மாமிதான். சிராங்கூனில் பேரன் பேத்திகளோடு இருக்கிறார்கள். வாப்பாவின் லாத்தா, கூடப் பிறந்த அக்கா. உலகத்தில் உன் வாப்பா பயப்படுகிற ஒரே ஆள். அவர்களுக்குப் பெரிய டப்பா. வழக்கம்போல ஒரு சின்ன டப்பாவும் வைத்திருக்கிறேன். நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போ.

உம்மா

*

தெம்பனிஸ்
15 மார்ச் 2025

என் அன்புள்ள, தந்திரக்கார உம்மாவுக்கு,

ஸலாம். நோன்பு நன்றாகப் போகிறது. ஆபீஸில் நான் நோன்பு என்பதால் இந்த மாதம் மேடமே கோப்பி வாங்கப் போகிறார். முட்டிவலியோடு தராவீஹ் தொழ நிற்காதீர்கள், உட்கார்ந்து தொழுங்கள்.

நல்ல செய்தி முதலில். மேடம் நேற்று என்னை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். வேலை எனக்குத்தான்! பரீட்சை முடிந்ததும் சேரலாம். ஏப்ரல் முடிவதற்குள் சரியா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். உம்மா, நான் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கீழே திருகுக் கடை சீன அங்கிள், யாரோ ஏசிவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். நோன்பு என்று சொல்லி, பையில் போட்டுக்கொண்டேன்.

ஹம்னா மாமி வீட்டுக்கும் போய் வந்தேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒல்லியா போயிட்டியே புள்ளே, ஃபாரூக் வூட்டுல சோறு போடறாங்களா, வெறும் முருங்கைக்காய்தானா?" என்றார்கள். செய்தி எப்படித்தான் பரவுகிறதோ. வேலையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். "ஒன் வாப்பாவை நான் பாத்துக்கறேன்" என்று அவர்கள் சொன்ன விதத்தில் எனக்கே வாப்பாமேல் பரிதாபம் வந்தது.

நோன்பு திறந்துவிட்டுப் போ என்றார்கள், பெரியம்மா காத்திருப்பார்கள் என்று கிளம்பிவிட்டேன். வெளியே வந்தால், எதிர்க் கதவில் தமிழில் பெயர்ப்பலகை. நாகூர் கனி! நம் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு எப்படிக் கடப்பது? மாமி கதவைச் சாத்தியதும் மணியை அடித்தேன். தொப்பி போட்ட மெலிந்த மனிதர், வாப்பா வயது இருக்கும், கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றார். ஸலாம் சொல்லிச் சின்ன டப்பாவை நீட்டினேன்.

"யார் வூட்டுப் புள்ளே?"

"பாத்திரக்கடை கபீர் மகள்."

கம்பிக் கதவின் பூட்டைத் திறந்தார். பிறகு, "கபீரா கொடுத்துவிட்டான்?" என்றார்.

"எங்க வூட்டுலேருந்துதான்" என்றேன். டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார், உம்மா. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு பிரியமாகக் கேட்டதில் எனக்கும் வாய் நிற்கவில்லை. வேலை கிடைத்தது, வாப்பாவுக்கு இன்னும் தெரியாது, கேட்கப் பயம், நீங்கள் ஒவ்வொருவராகப் பேசவைப்பது, எல்லாம் சொல்லிவிட்டேன். பாங்கு சொல்லவும் அங்கேயே நோன்பு திறந்தேன். இவ்வளவு நல்ல மனிதரைப் பற்றி ஏன் நம் வீட்டில் யாரும் பேசியதே இல்லை?

அனம்

*

நாகூர்
21 மார்ச் 2025

அடிப் பாவி மகளே,

ஸலாம். நலம் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை.

அந்தப் பெயரை நம் வீட்டில் எடுத்து பதினைந்து வருஷம் ஆகிறது. பேச மாட்டோம் என்றால் பேச மாட்டோம். உனக்குத் தெரியாமல் போனது அதனால்தான். அவரும் உன் வாப்பாவும் முன்னே நகமும் சதையுமாக இருந்தவர்கள். ஹம்னா மாமி மகன் கல்யாணத்தில் ஒரே சஹனில் உட்கார்ந்தார்கள். ஒரு தட்டைச் சுற்றி நாலு பேர், எல்லாரும் முடிக்கும்வரை ஒருவரும் எழக் கூடாது, உனக்கே தெரியும். இந்த மனுஷர், சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது என்று பாதிச் சோற்றில் எழுந்து போனார். போனவர் வரவே இல்லை. கறி நடுவில் அப்படியே கிடக்க, ஊரே பார்க்க உன் வாப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 'என்னோட உக்காந்து சாப்பிடப் பிடிக்கலேன்னு ஊருக்குக் காட்டிட்டான்' என்று வாப்பா அன்றைக்குச் சொன்னதுதான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. மாமியோ எதிர் வீடு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுபோல பதினைந்து வருஷமாகக் கதவைத் திறந்து மூடுகிறார்கள். நீ நேராகப் போய் மணி அடித்திருக்கிறாய்!

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அவர் போன் வந்துவிட்டது. நோன்பு திறக்க எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். வாப்பா நம்பரைப் பார்த்தார்கள், போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்கள். நான் படியடியில் நின்று பார்த்தேன், ஒரு சொல்லும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கஞ்சியைத் தொடவில்லை. "என்னவாம்?" என்றேன். ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

எல்லாம் போச்சு. இனி யாருக்கும் எதையும் கொடுக்காதே. யாரிடமும் வாயைத் திறக்காதே.

உம்மா

*

தெம்பனிஸ்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள உம்மாவுக்கு,

பெருநாள் ஸலாம். மன்னித்துவிடுங்கள், உம்மா. மணி அடித்த விரலை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. அந்தச் சின்ன டப்பாவை நீங்கள் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் சொல்ல மாட்டேன்.

பெருநாள் அன்று போனில் வாப்பா, "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?" என்று கேட்டதோடு போனைக் கொடுத்துவிட்டார்கள். மற்ற நாளில் நான் என்ன தின்றேன், அதில் உப்பு சரியா என்றுகூடக் கேட்பார்கள். அன்றைக்கு அது இல்லாமல் எனக்குச் சேமியாவே இறங்கவில்லை.

மத்தியானம் ஹம்னா மாமி குடும்பத்தோடு பெரியப்பா வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் கனி மாமா! கையில் ஒரு தட்டு கேக். பெரியப்பா பேந்தப் பேந்த விழித்தார்கள். மாமியும் அவரும் ஒரே சோபாவில், நடுவில் நான்.

"புள்ளே, கேக்கு நல்லா இருக்கான்னு கேளு" என்று மாமா என்னிடம் சொன்னார்.

"புள்ளே, சீனி கம்மின்னு சொல்லு" என்று மாமி என்னிடம் சொன்னார்கள்.

ஆனாலும் மூன்று துண்டு தின்றார்கள். வழியனுப்பும்போது, வாப்பாவிடம் என்ன பேசினீர்கள் என்று மாமாவிடம் கெஞ்சிக் கேட்டேன். "அது எனக்கும் அவனுக்கும்" என்று சிரித்துவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டார்.

மேடம் இன்று மறுபடியும் கேட்டார். "அனம், ஆன்சர் வேணும் லா. நீ இல்லேன்னா நான் வேற ஆள் பாக்கணும்." இந்த வேலை போனால் நான் தேறிவிடுவேன், உம்மா. ஆனால் ரொம்ப நாள் ஆகும். எப்படியாவது ஏதாவது செய்யுங்கள்.

அனம்

*

நாகூர்
9 ஏப்ரல் 2025

அனம் புள்ளைக்கு,

ஸலாம். செய்வதற்கு ஒன்றுமில்லை. ஹம்னா மாமி போன் செய்து வாப்பாவை அரை மணி நேரம் ஏசினார்கள், அதற்கும் அசையவில்லை. வாப்பா கடைக்குப் போகிறார்கள், வருகிறார்கள், உன் அறைக் கட்டிலில் போய் உட்கார்கிறார்கள். நேற்று என்னிடம் ஒரு வெள்ளைத்தாளும் உறையும் கேட்டார்கள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. துஆ செய்.

உம்மா

*

நாகூர்
12 ஏப்ரல் 2025

மகள் அனமுக்கு வாப்பா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. உன் உம்மாவுக்கு முட்டிவலி. நான் வழக்கமாகக் கடிதம் எழுதுவது சரக்கு அனுப்பச் சொல்லித்தான். இதுவும் அந்த மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

இரண்டு மாதமாகச் சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஒரே போன். ஃபாரூக் நானா உன் குணத்தைப் பற்றிச் சொன்னார். உன்னை வளர்த்தது நான், என்னிடமே சொன்னார். யாசர், பெண் பிள்ளைகள் வேலைக்குப் போவதைப் பற்றி ஒரு பயானே, பெரிய பிரசங்கமே செய்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கேட்டால்கூட வாயைத் திறக்காதவன். ஹம்னா லாத்தா ஏசினார்கள். எதற்கு என்று சொல்லாமலே ஏசினார்கள். வீட்டில் உன் உம்மா நெய் டின்னைக் காலி செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். நான் பாத்திரம் விற்பவன்தான், ஆனால் இது எதற்கு என்று தெரியாத அளவுக்கு மடையன் இல்லை.

இதற்கு நடுவில் கனி பேசினான். கல்யாணத்தன்று வந்த போன் அவன் தம்பி மவுத்தான செய்தியாம். தம்பி இறந்தது பிறகு என் காதில் விழுந்ததுதான், அது அன்றைக்கே என்று தெரியாது. கல்யாண வீட்டில் அழக் கூடாது என்று யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறான். பிறகு சொல்லலாம் என்று இருந்தானாம், நான்தான் முகம் கொடுக்கவில்லை. 'நீ ஏன் கேக்கல, கபீரு?' என்றான். அதற்கப்புறம் சொன்னான்: 'ஒம் மவ ஒன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க இத்தனை வூடு ஏறி எறங்குறா. அவ்வளவு பெரிய ஆளா ஆயிட்டியா நீ?' அன்றைக்குத்தான் எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

அனம், நான் என்ன அமைச்சரா? மனு போட்டு, ஆள் பிடித்து, சிபாரிசு வைத்துத்தான் என்னிடம் வர வேண்டுமா? சின்ன வயதில் சைக்கிள் வேண்டும் என்றால் கடைக்கே வந்து, வாடிக்கையாளரை விலக்கிவிட்டு, கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்பாய். எப்போது நிறுத்தினாய் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கிற நம் ஊர்க்காரர் எல்லாரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நீ மட்டும் கேட்கவில்லை. மனசு ரொம்பக் கஷ்டப்படுகிறது.

நான் சரி என்று சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கேட்டால்தானே சொல்ல முடியும்?

வாப்பா
அஹமது கபீர்

*

தெம்பனிஸ்
18 ஏப்ரல் 2025

என் அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் சாங்கி வரைக்கும் போய்விட்டேன்.

நான் பயந்தது உண்மை. ஆனால் நீங்கள் இல்லை என்று சொல்வீர்கள் என்பதற்காக மட்டும் இல்லை. சொன்னால் எனக்கு உங்கள் மேல் கோபம் வரும், உங்கள் மேல் கோபமாக இருப்பது எனக்கு ஒத்துவராது. அதனால் மற்றவர்களைப் பேசவிட்டு நான் ஒளிந்துகொண்டேன். அது உங்களை இவ்வளவு வருத்தும் என்று நினைக்கவே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், வாப்பா.

யார் சிபாரிசும் வேண்டாம், நானே சொல்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஜாலான் புசாரில் லாரி நிறுத்தும் நேரத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மனுவில் பாதி நான் எழுதியது. அன்றைக்குக் கடைக்காரர்கள் ஒருவர் விடாமல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சிலர் 'அன்னம்' என்றார்கள், பரவாயில்லை. கடைக்காரர் மகளாக இருப்பதால்தான் அவர்கள் சொல்வது எனக்குச் சட்டென்று புரிகிறது என்று மேடம் சொல்கிறார். பெரியப்பா வீட்டிலேயே இருப்பேன். நோன்புக்கும் பெருநாளுக்கும் ஊருக்கு வருவேன். உங்களை விட்டுவிட்டு இருப்பது எனக்கு லேசு இல்லை, தினமும் ஒரு வேளையாவது அழுகை வருகிறது. இருந்தாலும் ஆசையாக இருக்கிறது.

வாப்பா, நான் இங்கே வேலையில் சேரட்டுமா?

உங்கள் மகள்
அனம்

*

நாகூர்
24 ஏப்ரல் 2025

மகள் அனமுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எல்லாரும் உடம்புக்கு நலம்.

சேர்ந்துகொள். நல்லபடியாக வேலை பார். ஒருவரிடமும் கை நீட்டாமல், தலை நிமிர்ந்து இரு. நீ கேட்டு எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கனி அடுத்த மாதம் ஊருக்கு வருகிறானாம், நம் வீட்டில்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வேறு ஒரு சங்கடம். நேற்று மத்தியானம் வீட்டுக்கு வந்து உன் உம்மாவிடம், 'நீ ஜெயிச்சிட்டே, புள்ளையைச் சேரச் சொல்லி எழுதப் போறேன்' என்றேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இன்றைக்கு வரை நிற்கவில்லை. உனக்காக ஊரையே பேசவைத்தவள், நீ நிஜமாகவே அங்கே இருந்துவிடுவாய் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நான் எப்படியும் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்கிற தைரியத்தில் இத்தனையும் செய்திருக்கிறாள். என்னைத் திட்டிவிட்டு உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாள்.

என்னிடம் எல்லாரும் கேட்டார்கள், கடைசியில் நீயும் கேட்டாய். நீ இல்லாமல் இந்த வீட்டில் இருக்கச் சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மேடத்திடம் பதில் சொல்வதற்கு முன்னால் உம்மாவிடம் கேள்.

வாப்பா